வயசான ஃபோர்மனின் சிக்கனம்

1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்ட ஆட்டத்தில் ஒன்பது ரவுண்டு முடிந்தபோது ஜார்ஜ் ஃபோர்மன் தோற்றுக்கொண்டிருந்தார். நடுவர்களில் இரண்டு பேர் 88-83 என்றும் ஒருவர் 86-85 என்றும் மைக்கேல் மூரர் பக்கமே மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஃபோர்மனுக்கு வயது 45, எடை 250 பவுண்டு. மூரருக்கு 26. அதுவரை ஆடிய 35 ஆட்டத்திலும் ஜெயித்தவர். ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் இடது கை ஆட்டக்காரரும் அவர்தான். பத்தாவது ரவுண்டில் ஃபோர்மன் ஒரு இடது விட்டார், பின்னாலேயே ஒரு வலது. அந்த வலது கை பயணம் செய்த தூரம் ஒரு முழம்கூடத் தேறாது. மூரர் மல்லாந்து விழுந்தார். பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டியிட்டு ஜெபம் பண்ணினார்.

அதிர்ஷ்ட அடி என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஒரு அடிக்காக ஒன்பது ரவுண்டு நேரம் எதையெல்லாம் செய்யாமல் இருந்தார் என்று பார்த்தால்தான் அந்த ஆட்டம் புரியும். அதே சமயம், சண்டையில் சிக்கனம் என்று பேசுகிற எல்லோரும் அதை ஏதோ இலவசமாகக் கிடைக்கிற ஞானம் மாதிரி பேசுகிறார்கள். அப்படி இல்லை. காலில் மிச்சம் பிடித்ததை மூஞ்சியில் கட்டினார் ஃபோர்மன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத நினைக்கிறேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு வடசென்னையில் ஒரு விளையாட்டுத் திடலில் மாலையில் நடக்கும் குத்துச்சண்டை வகுப்புக்குப் போய் வருகிறேன். சுற்றிலும் காலேஜ் பையன்கள். சுவரில் முகமது அலி படம். அலி 1980இல் மெட்ராசுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். அந்தக் கதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். ஃபோர்மன் படம் எங்கேயும் கிடையாது. ஆனால் எங்கள் மாஸ்டர் ஃபோர்மன் கட்சி. அதுவும் வயசான ஃபோர்மன்.

பையன்களிடம் அவர் "டேய்" போட்டுக் கத்துவார். என்னிடம் வரும்போது மட்டும் குரல் இறங்கும். "சார், தம்மைப் பாத்து செலவு பண்ணுங்க. வாங்குனதுக்கு மேல குடுக்காதீங்க." இதன் அர்த்தம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. துண்டு வந்த பிறகுதான் பிடிபட்டது.

துண்டு என்றால் சாதாரணக் குளியல் துண்டு. நாலாய் மடித்து இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு, தொங்கவிட்ட பயிற்சிப் பேக்கைக் குத்த வேண்டும். பண்ணையார் முன்னால் நிற்பது போலத்தான் இருக்கும், சிரிப்பு வரும். முதல் குத்திலேயே துண்டு கீழே விழும். ஏனென்றால் புதிதாக வருகிற யாரும் குத்துவதற்கு முன்னால் முழங்கையை வெளியே தூக்குகிறார்கள். பலம் வரட்டும் என்று கையைப் பின்னால் வேறு இழுப்பார்கள். கை கிளம்புவதற்கு முன்பே முழங்கை கிளம்பிவிடும். எதிரில் நிற்பவருக்கு அது சீட்டி அடித்துச் சொல்வதற்குச் சமம். நேராகப் போய் நேராகத் திரும்பும் கை துண்டைக் கீழே விடாது. அந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் தோளுக்கு வேலை குறைந்து, இடுப்பும் பின்னங்காலும் வேலையை எடுத்துக்கொள்வதை உடம்பே உணரும். குத்தின் பலம் தரையிலிருந்து வருகிறது என்று எல்லாக் கோச்சும் சொல்வார்கள். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது அந்தத் துண்டுதான்.

வீணாகிற இடங்கள் இன்னும் உண்டு. புதியவர்கள் மணி அடித்ததிலிருந்து முஷ்டியை இறுக்கியே வைத்திருப்பார்கள். முஷ்டி இறுகினால் முன்கை இறுகும், தோள் இறுகும், தாடை இறுகும். கையை மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒரே நேரத்தில் இழுத்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற கதைதான். பழகியவர் கை பட்டுக்கொள்ளும் கணம்வரை தளர்வாக வரும், அந்த இடத்தில்தான் இறுகும். அப்புறம் மூச்சு. குத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பாக வருகிற கெட்ட பழக்கம். அதை உடைக்கத்தான் ஒவ்வொரு குத்துக்கும் "உஸ்" என்று விடச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, படாத குத்து. பட்ட குத்தை எதிராளியின் உடம்பு நிறுத்திக் கொடுக்கிறது. படாத குத்தை நம் முதுகும் தோளும்தான் நிறுத்தியாக வேண்டும். விட்டதற்கு ஒரு செலவு, தடுத்து நிறுத்தித் திரும்பக் கொண்டுவருவதற்கு இன்னொரு செலவு. முழு வேகத்தில் போனால் தசையில் கைவசம் இருக்கும் உடனடிச் சக்தி சுமார் 10 விநாடிக்குத்தான் வரும். ஒரு ரவுண்டோ 3 நிமிடம், நடுவில் ஓய்வு 1 நிமிடம். மீதி நேரத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் பாதி ஆட்டம்.

இதை உலகமே பார்க்கும்படி நிரூபித்தது 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவில், இன்றைய காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில், ஃபோர்மனும் அலியும் மோதிய ஆட்டம். அமெரிக்காவில் ராத்திரிக் காட்சிக்குச் சரியாக வர வேண்டும் என்று அங்கே விடியற்காலை 4 மணிக்கு ஆட்டம் வைத்தார்கள். அப்போது ஃபோர்மனுக்கு 25 வயது, ஆடியது 40, எல்லாமே வெற்றி, அதில் 37 நாக் அவுட். முந்தைய வருடம் கிங்ஸ்டனில் அப்போதைய சாம்பியன் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளியிருந்தார். அலி இரண்டாவது ரவுண்டிலிருந்து கயிற்றில் சாய்ந்துகொண்டார். தளர்வான கயிறு. சாய்ந்தால் தலை ஃபோர்மனின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். முகத்தைக் கிளவ்ஸால் மூடி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, அடி என்று விட்டுவிட்டார். ஃபோர்மன் அடித்தார். அகலமாகச் சுற்றிவரும் அடிகள், ஒவ்வொன்றும் ஆளைச் சாய்ப்பதற்கென்றே வந்தவை. பாதி கையில் பட்டது, பாதி காற்றில் போனது. ஐந்தாவது ரவுண்டு முடியும்போது அவர் கை கனப்பது வீடியோவிலேயே தெரியும். எட்டாவது ரவுண்டில் அலி கயிற்றிலிருந்து வெளியே வந்து கோர்த்தாற்போல் சில குத்துகள். ஃபோர்மன் சுழன்று விழ ஆரம்பிக்கிறார். அலியின் வலது கை இன்னொரு குத்துக்குத் தயாராக மேலே நிற்கிறது. அதை அவர் விடவில்லை. தேவைப்படவில்லை.

எல்லோரும் இதைச் சொல்லி, ஃபோர்மன் முட்டாள்தனமாக ஆடினார் என்று முடித்துவிடுவார்கள். முழு ஆட்டத்தையும் பொறுமையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அன்றைக்கும் ஃபோர்மனின் கால்கள் மகா சிக்கனம். ரிங் ஒரு சதுரம். நடுவில் நிற்கிறவர் கொஞ்சம் திரும்பினால் போதும், ஓரத்தில் சுற்றுகிறவர் அதற்கு ஈடாகப் பல எட்டு வைத்தாக வேண்டும். எதிராளி போகிற இடத்துக்கெல்லாம் பின்னால் போகிறவர் அவரோடு சேர்ந்து களைத்துப்போவார். அவர் போகப்போகிற பக்கத்தில் ஒரு எட்டு குறுக்கே வைக்கிறவர் ரிங்கைச் சுருக்கிவிடுவார். இந்த வேலையில் அந்த வயதிலேயே ஃபோர்மன் கெட்டிக்காரர். அலி கயிற்றுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சுற்றிச் சுற்றி ஓடினால் தன் காலுக்குத்தான் செலவு என்பது முதல் ரவுண்டிலேயே அவருக்குத் தெரிந்துபோனது. ஆக, கால் சிக்கனம், கை ஊதாரி. இளைய ஃபோர்மன் அப்படித்தான் இருந்தார்.

1977இல் சான் ஹுவானில் ஜிம்மி யங்கிடம் தோற்ற பிறகு ஃபோர்மன் விலகி, ஹூஸ்டனில் பிரசங்கியாகிவிட்டார். பத்து வருடம் கிளவ்ஸ் தொடவில்லை. 1987இல் திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். தொப்பை, மொட்டைத் தலை, மெதுவான நடை. வேடிக்கையாக ஒன்று உண்டு: அந்தக் காலத்துப் பல ஆட்டங்களில் ரவுண்டுக்கு நடுவே அவர் ஸ்டூலில் உட்காரவே மாட்டார், நின்றுகொண்டேதான் இருப்பார். சிக்கனம் பேசுகிற இடத்தில் இது எனக்கு இன்றுவரை உதைக்கிறது. உட்கார்ந்து எழுவதே செலவு என்று நினைத்தாரோ, எதிர் மூலையில் இருப்பவரைக் கலவரப்படுத்தவோ. பாவலா என்று மாஸ்டர் சொல்வார். இருக்கலாம்.

கையின் ஊதாரித்தனம் எப்படிப் போனது என்பதுதான் முக்கியம். ஆர்ச்சி மூர் என்று ஒருவர். 1952இல் லைட் ஹெவிவெயிட் பட்டம் வாங்கி, நாற்பதைத் தாண்டியும் அதை வைத்திருந்த கிழச்சிங்கம். அவருடைய தற்காப்பு முறை விசித்திரமாக இருக்கும். ஒரு கையை முகத்துக்கு நேராகக் குறுக்கே வைத்து, இன்னொரு கையை வயிற்றுக்குக் குறுக்கே போட்டுக்கொள்வார். வருகிற குத்து முழங்கையிலோ முன்கையிலோதான் விழும். ஒவ்வொரு குத்துக்கும் தலையைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை. கதவைச் சாத்தியாயிற்று, தட்டுகிறவர் தட்டட்டும். மூர் கின்ஷாசாவிலும் ஃபோர்மன் பக்கம்தான் இருந்தார். அப்போது ஃபோர்மன் அவரிடமிருந்து இதை எடுத்துக்கொள்ளவில்லை. 25 வயதில் யார்தான் எடுத்துக்கொள்வார்கள்? திரும்பி வந்தபோது எடுத்துக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதிராளியின் கிளவ்ஸ் மேலேயே தன் கையை வைத்து அமுக்கிவிடுவார். அடி கிளம்புகிற இடத்திலேயே அடைத்துவிட்டால் அதைத் தடுக்கும் வேலை இல்லை. அப்புறம் அந்த ஜாப், அதாவது முன்னால் நிற்கிற கையால் நேராக விடுகிற குத்து. அதில் வேகம் பெரிதாக இல்லை. ஆனால் உடம்பின் எடையோடு வரும், தூரத்தை அளக்கும், எதிராளியைப் பின்னங்காலுக்குத் தள்ளும். அதற்குப் பிறகு வலது கை வரலாம், வராமலும் போகலாம்.

மூரருடன் ஆடிய ஆட்டத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனை கேட்டால் ஃபோர்மன் வாங்கிக்கட்டிக்கொள்வதாகவே தோன்றும். சத்தமில்லாமல் காலை மட்டும் பார்த்தால், மூரர் நகர்கிற பக்கத்தில் ஃபோர்மன் சின்னச் சின்ன எட்டு வைத்துக்கொண்டே இருப்பது தெரியும். இடது கைக்காரருக்கு எதிரான ஆயுதம் நேரான வலது. அவர்கள் நிற்கிற நிலையில் அந்தக் கைக்கு வழி திறந்திருக்கும். அது தெரிந்துதான் மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ், ஃபோர்மனுக்கு நேர் எதிரே நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று மூலையில் மன்றாடினார். மூரர் கொஞ்ச நேரம் நகர்வார், பிறகு நிற்பார். ஏன் நிற்க மாட்டார்? எதிரில் இருப்பவர் மெதுவாக ஆடுகிறார், குத்தெல்லாம் படுகிறது, மதிப்பெண்ணும் தன் பக்கம். அவசரமில்லாத கிழவர் எதிரில் நின்றால் யாருக்கும் கால் தானாக ஓய்ந்துவிடும். இதைத்தான் ஃபோர்மன் ஒன்பது ரவுண்டாக வாங்கினார் என்பது என் அபிப்பிராயம்.

பத்தாவது ரவுண்டில் ஜாப் வருகிறது, பின்னால் வலது கை வந்து நெற்றிப் பக்கம் படுகிறது. மூரர் நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து அதே ஜாப், அதே வலது, ஆனால் இப்போது இலக்கு தாடை. கை பின்னால் போகவில்லை, முழங்கை வெளியே வரவில்லை. கக்கத்தில் துண்டு வைத்திருந்தால் விழுந்திருக்காது. கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்பு டிரவுசரைத்தான் அன்றும் அணிந்திருந்தார். கின்ஷாசாவில் அலியின் மூலையில் இருந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி இந்தத் தடவை ஃபோர்மன் மூலையில் இருந்தார். கின்ஷாசா ஆட்டம் நடந்தபோது மூரருக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை.

சரி, விலைக்கு வருவோம்.

அந்த ஒன்பது ரவுண்டில் மூரரின் வலது ஜாபும், பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்கும் ஃபோர்மனின் முகத்தில் எத்தனை தடவை விழுந்தன என்று பார்த்தால் மனசு கேட்காது. கண்ணைச் சுற்றி வீங்கிவிட்டது. அவர் நிறைய குத்துகளை ஒதுக்கவே முயலவில்லை. இது வலிக்கும் ஆனால் விழ வைக்காது என்று தரம் பிரித்து, அந்த ரகத்தை வாங்கிக்கொண்டார். அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதர் மாதிரி ஆட்களின் சிக்கனம் இதிலிருந்து வேறு. தலை இரண்டு அங்குலம் திரும்பும், குத்து உரசிக்கொண்டு போகும், பதிலுக்கு ஒன்று போகும். அதற்குக் கண் வேண்டும், அந்த வயதின் நரம்பு வேண்டும். மெக்சிகோவின் ரிகார்டோ லோபெஸ் அந்த வகையில் எனக்கு எல்லோரையும்விட மேல். 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லை, ஒரு அசைவு கூடுதலாகப் பார்க்க முடியாது. அவர்கள் செலவும் குறைவு, வாங்குவதும் குறைவு. 45 வயதுக்காரருக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது. அவரிடம் இருந்தது கெட்டியான எலும்பும் பொறுமையும்தான்.

அலி கதையும் அதுவே. கயிற்றில் சாய்ந்தது புத்திசாலித்தனம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் விலாவிலும் இடுப்புக்கு மேலும் தலையின் பக்கவாட்டிலும் ஃபோர்மனின் அடிகள் விழுந்துகொண்டேதான் இருந்தன. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இதனால்தான் அது வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கயிற்றுக் காட்சியைப் பையன்கள் விசில் அடித்துக்கொண்டு பார்க்கும்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

வேறு சண்டைக் கலையில் சிக்கனம் வேறு மாதிரி. தரையில் புரண்டு ஆடும் ஜூ ஜிட்சுவில் மேலே இருப்பவருக்குப் பூமியின் இழுப்பே பாதி வேலையைச் செய்து கொடுக்கும். 2009 உலகப் போட்டியில் ரோஜர் கிரேசி வந்தவர்கள் எல்லோரையும் மார்பில் உட்கார்ந்து சட்டைக் காலரைப் பிடித்து நெரிக்கும் ஒரே பிடியில் முடித்தார். முதல் வாரத்து மாணவனுக்கே கற்றுக்கொடுக்கிற பிடி அது. வருவது எல்லோருக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை. குத்துச்சண்டையில் அந்த வசதி கிடையாது. நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதால், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் செலவு உண்டு.

இன்னொரு விஷயம், பார்க்கிறவர்கள் பற்றியது. சிக்கனமாக ஆடுகிறவரை நடுவர்களுக்குப் பிடிக்காது. நெருக்கமான ரவுண்டில் அதிகம் அசைந்தவர், அதிகம் குத்தியவர் பக்கம் கண் போகும். அமெச்சூர் ஆட்டத்தில் இது இன்னும் மோசம். 1992 பார்சிலோனா முதல் 2012 லண்டன் வரை ஒலிம்பிக்கில் பொத்தான் அமுக்கி எண்ணும் முறை இருந்தது. ஐந்து நடுவரில் மூன்று பேர் ஒரு விநாடிக்குள் சேர்ந்து அமுக்கினால்தான் ஒரு புள்ளி. பலமான குத்துக்கும் தட்டிவிட்டுப் போகும் குத்துக்கும் ஒரே விலை. அதனால் தட்டிவிட்டு ஓடுகிற ஆட்டம் வளர்ந்தது. இன்றைக்கும் அமெச்சூரில் மூன்று ரவுண்டுதான். ஒன்பது நிமிடத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? எங்கள் வகுப்புப் பையன்களிடம் மாஸ்டர் "கொட்டுடா, கொட்டுடா" என்றுதான் கத்துகிறார். என்னிடம் மட்டும்தான் ஃபோர்மன் பாடம். போட்டிக்குப் போகாதவனுக்கு என்று ஒதுக்கிவைத்த பாடம் போலிருக்கிறது. எனக்கு வருத்தமில்லை.

மூரருக்குப் பிறகு ஃபோர்மனின் சிக்கனம் கஞ்சத்தனமாகிவிட்டது. 1995 ஏப்ரலில் ஜெர்மனியின் அக்செல் ஷுல்ஸுடன் ஆடினார். ஷுல்ஸ் சுற்றிக்கொண்டே இருந்தார், ஃபோர்மனின் வலது கைக்கு எதிரே நிற்கவே இல்லை, அட்லஸ் சொன்னதை மூரருக்குப் பதில் இவர் கேட்ட மாதிரி. தீர்ப்பு ஃபோர்மனுக்கு வந்தது. பார்த்தவர்களில் பாதிப்பேர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆட்டம் ஆடச் சொன்னார்கள், ஆடாமல் அந்தப் பட்டத்தை விட்டார். 1997 நவம்பரில் ஷானன் பிரிக்ஸுடன் ஆடியதுதான் கடைசி. அப்போது ஃபோர்மனுக்கு 48, பிரிக்ஸுக்கு 25. இந்தத் தடவை ஃபோர்மன்தான் ஜெயித்தார் என்று பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள், தீர்ப்பு பிரிக்ஸுக்குப் போனது.

நான் உட்கார்ந்து ரவுண்டு ரவுண்டாக மதிப்பெண் போட்டால் அந்த ஆட்டம் ஃபோர்மனுக்குத்தான் வருகிறது. மாஸ்டரிடம் இதைச் சொன்னால், ஃபோர்மன் கட்சி என்று பேர்தான், ஒரு பாவமும் பார்க்க மாட்டார். "ஷுல்ஸ் ஆட்டத்துல வாங்குன கடன் சார் அது" என்பார்.